நீரிழிவு மாத்திரைகளை அறிந்து உண்போம்

நம் தோட்டப்புறங்களில் ‘இனிப்பு நீர்’ என்று வழங்கப்படும் நீரிழிவு நோய் இன்று பரவலாகக் காணப்படுகிறது. 2023ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. இவர்களுள் பெரும்பாலோர் இரண்டாம் வகை நீரிழிவு உடையோர். மாத்திரையால் நோயைக் கட்டுப்படுத்துவோர் இவர்களிடையே பலர். அம்மாத்திரை உடலில் என்ன செய்கிறது என்பதை அறிந்து உண்பது நலம்.

உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையைத் தசைகளுக்குள் புகச் செய்வது இன்சுலின். இதனைச் சுரப்பது கணையம் என்னும் உறுப்பு. இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்குவதில்லை. நாளடைவில் அதன் சுரப்பும் குறைகிறது.

பெரும்பாலோருக்கு முதலில் தரப்படுவது மெட்பார்மின். கல்லீரல் அளவுக்கு மீறிச் சர்க்கரையை வெளிவிடுவதை இது குறைக்கிறது. இதனை உணவோடோ உணவு உண்டவுடனோ உட்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் தோன்றலாம். பலருக்கு இவை சில வாரங்களில் தணிந்துவிடும். சிறுநீரகம் பழுதுற்றவருக்கு இம்மருந்தின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரிடும். மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு அழைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் ஆகியவை வேறு வகையின. இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினை மிகுதியாகச் சுரக்கச் செய்கின்றன. வயிற்றில் உணவு இல்லாதபோதும் இவற்றின் வேலை நிற்பதில்லை. ஆதலால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும்.

பால்மரம் வெட்டுவோர் இதனைச் சிறப்பாகக் கருத்திற் கொள்ள வேண்டும். விடியுமுன் மாத்திரையை விழுங்கி, வெறும் காப்பியோடு வேலைக்குச் செல்வோர் உளர். பசியாறும் வேளை வருமுன் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டியாக வேண்டும். அவ்வுழைப்பும் இரத்தத்திலுள்ள சர்க்கரையைச் செலவழிக்கிறது. கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கடும்பசி, கண் மங்கல், மனத்தடுமாற்றம் ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததற்கு அறிகுறிகள். இவற்றை வேலைக் களைப்பென்று எண்ணி, கூரிய கத்தியோடு அடுத்த மரத்துக்குச் செல்வது ஆபத்தாகும்.

அந்நேரத்தில் வேலையை நிறுத்தி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருக வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிடில் மீண்டும் பருகிப் பின் உணவு உண்ண வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இத்தகைய மாத்திரை உண்போர் வேலைக்காட்டுக்குச் செல்கையில் சிறிது சர்க்கரையை மடியில் வைத்திருப்பதும், உடன் வேலை செய்வோரிடம் தம் நோயைச் சொல்லி வைப்பதும் அறிவுடைமை. மாத்திரை உண்ணும் வேளையை வேலை நேரத்துக்கு ஏற்ப அமைத்துத் தருமாறு மருத்துவரைக் கேட்கத் தயங்க வேண்டா. தைப்பூசம் முதலிய விரதங்களுக்கு முன்பும் அவ்வாறே கேட்டறிய வேண்டும்.

உடல் நலமாகத் தோன்றுகிறதென்று மாத்திரையை நிறுத்துவது தவறு. மாத்திரை நோயை அடக்கி வைக்கிறதே அன்றி வேரோடு நீக்குவதில்லை. அடங்காத சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்புகளையும் ஓசையின்றிக் கெடுக்கும். ஒருவேளை மறந்தால் மறுவேளை இரட்டிப்பாக உண்ணலாகாது. அண்டை வீட்டார் மாத்திரையை வாங்கி உண்பதும், பாகற்காய்ச் சாற்றை நம்பி மருந்தைக் கைவிடுவதும் கூடா.

உணவில் அளவும், மருந்தில் ஒழுங்கும், தவறாத பரிசோதனையும் உடையவர் நெடுநாள் நலமாக உழைக்கலாம். நம் குடும்பங்களின் நல்வாழ்வு நம் உடல்நலத்தைப் பொறுத்ததென்பதை நாம் மறவாதிருப்போமாக.