பிந்தி வந்த நீலம்

முகத்துவாரம்,
கொழும்பு 15.

அன்பின் மகளுக்கு,

சரிவராத வாசிப்புகளையும் ஆய்வுகூடக் கொப்பியில் எழுதச் சொல்கிறார்கள், வீண் வேலை என்று எழுதியிருந்தாய். அது வீண் வேலை இல்லை, பிள்ளை. எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்ற உயிர்இரசாயனவியலாளரின் கதையைக் கேள்.

1895இல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் மூன்றாம் தடவைதான் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்திச் சத்திரசிகிச்சைக்கு நின்றது பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கையில் கிடைத்தது. 1922இல் பாஸ்டனில் போய் இறங்கியவர், ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலசலப் பாத்திரம் சுமக்கும் இரவு வேலை பார்த்தார். அங்கிருந்துதான் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயின் ஆய்வுகூடத்துக்குப் போனார்.

இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசை அளக்க 1925இல் இருவரும் ஒரு முறையை வெளியிட்டார்கள். மாதிரியோடு மொலிப்டேற்றைச் சேர்த்து, பிறகு ஒரு தாழ்த்தும் பொருளை விட்டால் நீலம் பிறக்கும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பொசுபரசு. தசைச் சாற்றில் மட்டும் அது சொன்னபடி கேட்கவில்லை. நிறம் உடனே முழுதாக வராமல், நேரம் போகப் போக மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. இன்னொருவராக இருந்தால் குழாயைக் கழுவிவிட்டு மறுபடி செய்திருப்பார். அவர்கள் அந்தத் தாமதத்தைக் குறித்துக்கொண்டு பின்னாலே போனார்கள். அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து பொசுபேற்றை விடுகிற ஒரு சேர்வை தசையில் இருந்தது. அதுதான் பொஸ்போகிரியற்றின், 1927இல் அறிவித்தார்கள். 1929இல் ஏ.டி.பி. என்ற சேர்வையையும் அறிவித்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டார்.

இத்தனைக்கும் ஹார்வர்ட் அவருக்கு நிரந்தரப் பதவி கொடுக்கவில்லை. ஹார்வர்டில் அவர் பிரித்தெடுத்த நியூக்கிளியோடைட்டுகள் சிலவற்றைப் பிறகு வேறு ஆட்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, ஃபிஸ்கே அவற்றை வெளிவர விடவில்லை என்று, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் சொல்லியிருக்கிறார். அது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

1940இல் சுப்பாராவ் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அவரது குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அங்கே உருவான அமினோப்டெரினை வைத்துத்தான் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை முதன்முதலில் தற்காலிகமாகவாவது அடக்கிக் காட்டினார். டீ.ஈ.சி. என்கிற யானைக்கால் நோய் மருந்தும் அதே குழுவினுடையது. இரவில் வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் போகும் சுகாதார ஊழியர்களை இங்கே கொழும்புக்காரருக்குத் தெரியும். அந்தப் புழுக்கள் இரவில்தான் இரத்தத்தில் உலாவும். 2002 முதல் 2006 வரை மேல், வடமேல், தென் மாகாணங்களில் வருடாவருடம் கொடுத்த குளிசைகளில் ஒன்று டீ.ஈ.சி. இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாது ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. அந்தக் குளிசையை விழுங்கியவர்களில் எத்தனை பேர் சுப்பாராவ் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

1948இல், 53 வயதில், அவர் இறந்துபோனார். அவரது வாழ்க்கையை எஸ். பி. கே. குப்தா என்ற பத்திரிகையாளர் தேடித் தொகுத்து நூலாக்கியபோது ஆண்டு 1987.

ஹான்ஸ் கிரெப்ஸின் கதை வேறு. உயர்தரத்தில் நீ பாடமாக்கிய கிரெப்ஸ் வட்டம் அவருடையதுதான். யூதர் என்பதால் 1933இல் ஜெர்மனியில் வேலை பறிபோய் இங்கிலாந்துக்கு வந்தவர். புறாவின் நெஞ்சுத் தசையை வைத்து ஷெஃபீல்டில் கண்டறிந்ததை 1937இல் நேச்சர் இதழுக்கு அனுப்ப, இடமில்லை என்று பதில் வந்தது. கட்டுரை வேறு இதழில் வெளியானது; 1953இல் நோபல் கிடைத்தது. அவரது ஆய்வுக் குறிப்பேடுகளும் தாள்களும் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் குறிப்பேடுகளை வைத்துக்கொண்டு, கிரெப்ஸோடும் இருந்து பேசி, ஃபிரெடெரிக் ஹோம்ஸ் என்ற வரலாற்றாசிரியர் எந்தப் பரிசோதனை எதற்குப் பின் வந்தது, எங்கே வழி தவறியது என்று நாள் வாரியாக எழுதினார். 1991, 1993 என இரண்டு தொகுதிகள்.

ஆகவே மகள், பென்சில் வேண்டாம், பேனாவால் எழுது. ஒவ்வொரு பக்கத்திலும் இலக்கமும் திகதியும் இருக்கட்டும். பிழைத்ததை ஒரு கோட்டால் வெட்டு, தாளைக் கிழிக்காதே. உனக்காக இன்னொருவர் அளந்து தந்தால் அவர் பெயரை அங்கேயே போடு, உன் பெயரையும் விட்டுவிடாதே. மாதமுடிவில் பக்கங்களைப் படமெடுத்து வேறோரிடத்தில் வை.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் துறையில் யாராவது பேராசிரியர் ஓய்வுபெற்று அறையைக் காலி செய்தால், அலுமாரியில் உள்ள பழைய கொப்பிகள் கடதாசிக்காரனிடம் நிறுவைக்குப் போக முன் அவரோடு பேசு. பல்கலைக்கழக நூலகரிடம் சொல்லு. தமிழில் எழுதிய குறிப்புகள் இருந்தால், 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனத்துக்கும் எழுது. கொப்பிகளைத் தூக்கி இறக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா