அச்சியந்திரக் கம்பெனியின் வாக்குத்தத்தமும் கரிக்கணக்கும்

உலகின் வெப்பம் மிகுந்துவரும் இந்நாளில், கரியமிலவாயுவைக் குறைப்போமென்று வாக்குத்தத்தம் செய்யாத பெருங்கம்பெனியைக் காண்டல் அரிது. அவ்வாக்குகளை அப்படியே நம்புதலும் எளிது. கேட்டமாத்திரத்தில் நகைத்துத் தள்ளுதலும் எளிது. கணக்கைப் பார்த்துப் பின் கூறுதலே முறையாதலின், எப்சன் என்னும் ஜப்பானிய அச்சியந்திரக் கம்பெனியை எடுத்துக்கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இக்கம்பெனியின் தாயகம் நகானோ மாகாணத்திலுள்ள சுவா என்னும் ஊர். 1968-இல் வெளிவந்த 'இ.பி. 101' என்னும் சிறிய அச்சியந்திரத்தின் பெயரோடு, மைந்தன் எனப் பொருள்படும் 'சன்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கூட்டி 1975-இல் இப்பெயரை அமைத்தனர். சொல்லாராய்ச்சியில் விருப்புடைய எமக்கு இது சுவை பயந்தமையின் குறித்தோம். இனி விஷயத்திற்கு வருவோம்.

கரிக்கணக்கு எழுதுவோர் மூன்று வட்டங்களை வகுப்பர். தொழிற்சாலையிலேயே எரிக்கும் எண்ணெய் முதலியவற்றால் எழும் வாயு முதல் வட்டம். விலைக்கு வாங்கும் மின்சாரத்தை உண்டாக்குகையில் எழுவது இரண்டாவது. மூலப்பொருள்களை ஆக்குதல், ஏற்றியனுப்புதல், வாங்கியோர் இயந்திரத்தை ஓட்டுதல், பழுதானபின் எறிதல் ஆகிய யாவும் மூன்றாவது. அச்சியந்திரஞ் செய்வோர்க்கு இம்மூன்றாம் வட்டமே மிகப் பெரிது. ஆனால் விளம்பரங்களிற் பெரிதாக ஒலிப்பன முதலிரண்டுமே.

எப்சன் தன் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் செலவாகும் மின்சாரம் முழுவதையும் புதுப்பிக்கத்தக்க ஊற்றுக்களினின்று பெறுவதாக 2021-இல் உறுதி கூறி, 2023-ஆம் ஆண்டின் இறுதியில் அதனை நிறைவேற்றியதாக அறிவித்தது. நகானோ மலையாறுகளின் நீர்மின்சாரம் இதற்குத் துணையாயிற்று. சொன்ன காலத்திற் செய்தமை பாராட்டற்குரியதே. எனினும், மின்னளவைத் தனியே பிரித்தறியவியலாத சில வாடகைக் கட்டடங்கள் இக்கணக்கிற் சேரா என்று அடிக்குறிப்பொன்று உரைக்கின்றது. தலைப்பைவிட அடிக்குறிப்பை ஊன்றிப் படிக்கும் பழக்கம் இலக்கண மாணாக்கர்க்கு உண்டன்றோ!

மூன்றாம் வட்டத்தைத் தொடும் செய்கையொன்றும் உண்டு. லேசர் இயந்திரம் டோனர் என்னும் பொடியை ஏறக்குறைய இருநூறு பாகை வெப்பத்தில் உருக்கித் தாளிற் பதிக்கும். எப்சனின் இங்க்ஜெட் இயந்திரமோ சூடேற்றாமல், மின்னழுத்தத்தால் அசையும் சிறு தகடுகளைக்கொண்டு மைத்துளியைத் தெளிக்கும். ஆகவே மின்செலவு குறையும். லேசர் இயந்திர விற்பனையை 2026-க்குள் உலகெங்கும் நிறுத்திவிடுவதாக 2022-இல் அறிவித்தனர். தமக்குக் கைவந்த தொழிலையே அறமென்று போற்றுகின்றனர் எனச் சிலர் கூறலாம். அக்கூற்றில் உண்மையுண்டு, ஆயினும் மின்சாரம் மிஞ்சுவதும் உண்மையே.

எமக்குப் பெரிதாகத் தோன்றுங் குறை வேறு. சிந்தும் மையை உறிஞ்சும் பஞ்சு நிறைந்தவுடன் எப்சன் இயந்திரங்களிற் சில நின்றுவிடும்படி அமைக்கப்பட்டுள்ளன. பஞ்சு மாற்றினால் ஓடக்கூடியதனைக் கைவிட்டுப் புதிது வாங்குவோர் பலராயின், புதியதைச் செய்தற்கு எழும் கரி, மின்சிக்கனத்தை விழுங்கிவிடாதா? இயந்திரத்தின் ஆயுளை நீட்டுதலே இத்தொழிலின் முதற்கடன் என்பது எம் அபிப்பிராயம்.

இக்கம்பெனியின் வாக்கை முற்றும் ஐயுறவும் இயலவில்லை. ஓசோன் படலத்தை அழிக்கும் குளோரோபுளோரோகார்பன் பொருள்களை விலக்குவோமென 1988-இல் உரைத்து, 1993-க்குள் உலகிலுள்ள தன் ஆலைகளனைத்திலும் விலக்கியது. அன்று விலக்க வேண்டியது தன் ஆலைக்குள் இருந்தது. இன்றைய கரியோ பெரும்பாலும் பிறர் ஆலையிலும் பிறர் இல்லத்திலும் எழுகின்றது.

2050-இல், தான் வெளிவிடுவதினும் மிகுதியான கரியை நீக்கும் நிலையை எய்துவதாகவும் கூறியுள்ளனர். அப்பொழுது எம் வகுப்பினர் நாற்பத்தைந்து வயதை அடுத்திருப்பர். அதுகாறும் வாளா இராமல், மூன்றாம் வட்டத்தின் மொத்த டன் அளவு ஆண்டுதோறும் குறைகின்றதா என்று பார்த்தல் வேண்டும். இலாபத்தோடு ஒப்பிட்டுக் கூறும் விகிதம் போதாது. இலாபம் பெருகுங்கால் விகிதம் தானே சுருங்கும், வானிற் சேரும் கரியோ சுருங்காது.