நீளமான டச்சுச் சொல்லை உடைத்துப் படிக்க...

எர்ணாவூரிலிருந்து கப்பல் வேலைக்குப் போகிற பிள்ளைகளை ரோட்டர்டாம் துறைமுகத்தில் மிரட்டுவது, பலகைகளில் இருக்கும் நீள நீளமான சொற்கள். டச்சுக்காரர்கள் இரண்டு மூன்று சொற்களை இடைவெளி விடாமல் ஒட்டி எழுதுவார்கள். ஒட்டிய இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே உடைத்துச் சொல்லுங்கள். அழுத்தம் பெரும்பாலும் முதல் சொல்லில்தான் விழும்.

‘நோட்’ என்றால் ஆபத்து, ‘அய்ட்ஹங்’ வெளியேறும் வழி. சேர்ந்தால் ‘நோட்-அய்ட்ஹங்’, அவசர வழி. வேறெதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துக்கொண்டு போங்கள்.

நடுவில் சில சமயம் ஒரு ‘ஸ்’ வரும். நம் இலக்கணத்துச் சாரியை மாதிரி. அதை முன்சொல்லோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்: உயிர்காப்புச் சட்டைக்கு ‘ரெடிங்ஸ்-ஃபெஸ்ட்’.

உடைக்கும் இடம் மாறினால் பொருளே மாறிவிடும். ‘க்வார்ட்-ஸ்லாஹன்’ என்றால் கால் சுற்றுகள். வால்வு திருப்புகிறவருக்கு வேண்டிய சொல். அதையே ‘க்வார்ட்ஸ்-லாஹன்’ என்று உடைத்தால் குவார்ட்ஸ் கல்லின் அடுக்குகள்! எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். முன்பின் வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தை ‘ஷிபோல்’ என்காதீர்கள். ‘ஸ்கிப்-ஹொல்’. அந்தக் ‘கி’ தொண்டையை உரசி வரட்டும்.

எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டை கட்டினார்கள். அங்குள்ள அவர்களது கல்லறைக் கற்களில் டச்சு எழுத்துகளை இன்றும் பார்க்கலாம். எழுத்துக்கூட்டல் பழையது என்பதால் உச்சரிப்புக்கு அதை நம்ப வேண்டாம். அதற்கு, ஒலியோடு வரும் அகராதியைக் கைப்பேசியில் கேட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.