முகத்திரைத் தடைச் சட்டம்: இரண்டு கேள்விகளைக் கலக்கலாகாது

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! ஐரோப்பாக் கண்டத்து தேசங்கள் சிலவற்றில், பெண்கள் பொது இடங்களில் முகத்தை மூடிச் செல்லலாகாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். இதுபற்றி நம்மவர் பேசத் தொடங்கினால் இரு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "முகத்திரை பர்ளு அல்லவே, தடுத்தால் என்ன போயிற்று?" என்பது ஒரு கட்சி. "அதைத் தடுப்பவன் மார்க்கத்தையே தடுக்கிறான், ஆகவே நம் பெண்கள் அத்தனை பேரும் அணிந்தே தீரவேண்டும்" என்பது மறு கட்சி. இரு சாராரும் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கலக்கிக் குழப்புகிறார்கள். முகத்தை மூடுவது கடமையா என்பது ஒரு கேள்வி. அதைத் தடுக்கச் சர்க்காருக்கு உரிமை உண்டா என்பது வேறு கேள்வி. தனித்தனியே படிப்போம்.

முதற் கேள்வி: மார்க்கத்தின் நிலை

திருக்குர்ஆனில் சூரத்துந் நூர் 24ஆவது அத்தியாயம். அதில் பெண்களின் உடையைப் பற்றிச் சொல்லுமுன், 30ஆவது ஆயத்தில், முஃமினான ஆண்கள் தங்கள் பார்வையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டுமென்ற கட்டளை வருகிறது. அடுத்த ஆயத்திலேதான் பெண்களுக்கும் அக்கட்டளை வருகிறது. அலங்காரத்தை வெளிக்காட்டலாகாது என்ற விதியும், தானாக வெளியே தெரிவதற்கு விலக்கும் அங்கேயே உள்ளன. அந்த விலக்கு எது? முகமும் முன்கைகளும் என்ற விளக்கம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களைத் தொட்டும், மேலாடை மட்டுமே என்ற விளக்கம் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களைத் தொட்டும் அறிவிக்கப்படுகின்றன. ஆகவே கருத்து வேற்றுமை இன்று நேற்று முளைத்ததன்று.

ஹனஃபி, மாலிகி மத்ஹபுகளில் முகமும் முன்கைகளும் அவ்ரத் அல்ல. ஆயினும் பித்னாவுக்கு அஞ்சும் இடத்தில் மூடவேண்டும் என்று பிற்கால ஆலிம்கள் பலர் சொன்னார்கள். ஷாஃபி மத்ஹபில் அந்நிய ஆடவர் முன் மூடவேண்டும் என்ற சொல்லும் உண்டு, வேண்டியதில்லை என்ற சொல்லும் உண்டு. ஹன்பலி மத்ஹபில் மூடவேண்டும் என்போரே அதிகம்.

ஒரே ஹதீதை இரு சாராரும் ஆதாரமாகக் காட்டுவதையும் கவனியுங்கள். இஹ்ராம் கட்டிய பெண் நிகாபும் கையுறையும் அணியலாகாது என்று புகாரியில் வருகிறது. முகம் மூடவேண்டிய உறுப்பாயின் ஹஜ்ஜிலே திறக்கச் சொல்வானேன் என்பர் ஒரு சாரார். ஹஜ்ஜிலே வேண்டாமென்று சொன்னதால், மற்ற நாட்களில் அணிந்திருந்தார்கள் என்று விளங்கவில்லையா என்பர் மறு சாரார்.

இன்னொரு ஹதீதும் உண்டு. ஹஜ்ஜின்போது நாயகம் (ஸல்) அவர்களின் வாகனத்தில் பின்னால் ஃபள்லு இப்னு அப்பாஸ் (ரலி) அமர்ந்திருந்தார்கள். கஸ்அம் கோத்திரத்துப் பெண்ணொருத்தி வந்து, வயோதிகத் தகப்பனாருக்காகத் தான் ஹஜ்ஜுச் செய்யலாமா என்று கேட்டாள். ஃபள்லு அவளை நோக்க, நாயகம் (ஸல்) அவர்கள் ஃபள்லின் முகத்தைப் பிடித்து மறுபக்கம் திருப்பினார்கள். அவள் இஹ்ராமில் இருந்தாள் என்று மறு சாரார் பதில் சொல்வதுண்டு. அது எவ்வாறாயினும், அங்கே திருப்பப்பட்டது ஆணின் முகம். ஆண்களாகிய நமக்கு அதிலே பாடம் இருக்கிறது.

முகத்திரை அணிவோரும் தேவைப்பட்ட இடத்தில் முகத்தைக் காட்டலாம் என்று ஃபிக்ஹு கிதாபுகள் சொல்கின்றன. சாட்சி சொல்லவும், வைத்தியம் பார்க்கவும், பெண் பார்க்கவும், கொடுக்கல் வாங்கலிலும் அனுமதி உண்டு. விற்ற சரக்கில் பழுது கண்டால் யாரிடம் திருப்புவது, கடன் சொன்னால் யாரிடம் கேட்பது என்பது தெரிய வேண்டுமல்லவா? கடை வைத்திருப்போருக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும்.

இரண்டாங் கேள்வி: சட்டத்தின் நியாயம்

பிரான்சு தேசத்துச் சட்டம் 2010 அக்டோபரில் பிறந்து, 2011 ஏப்ரல் 11 முதல் அமலுக்கு வந்தது. தெருவில் முகத்தை மூடினால் 150 யூரோ வரை அபராதம். ஒரு பெண்ணை வற்புறுத்தி மூடச் செய்பவனுக்கு ஓராண்டுச் சிறையும் 30,000 யூரோ அபராதமும். சட்டத்தில் இஸ்லாம் என்ற சொல்லே இல்லை. ஆனால் வைத்தியம், தொழில், விளையாட்டு, பண்டிகை, கலை நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு விலக்கு இருக்கிறது. வேடிக்கைக்காக முகமூடி போடலாம், இறையச்சத்துக்காகப் போடலாகாது என்றால், சட்டம் யாரை நோக்கியது என்பதை ஊகிக்கச் சிரமமில்லை. அத்தேசத்தில் முகத்திரை அணிந்தோர் ஏறக்குறைய 1,900 பேர் என்று அந்தச் சர்க்காரே அப்போது மதிப்பிட்டிருந்தது.

பெல்ஜியம் 2011லும், ஆஸ்திரியா 2017லும், டென்மார்க் 2018லும் இவ்வழியே சென்றன. சுவிட்சர்லாந்தில் 2021 மார்ச்சில் மக்கள் வாக்களித்தபோது 51.2 சதவீதத்தினர் தடையை ஆதரித்தனர். அங்கே 2025 ஜனவரி 1 முதல் சட்டம் நடப்புக்கு வந்தது.

இதற்குச் சொல்லும் காரணங்கள் மூன்று.

ஒன்று, பாதுகாப்பு. ஆளை அறியவேண்டிய இடத்தில் முகத்தைக் காட்டச் சொல்வது நியாயமே. நம் ஃபிக்ஹும் அதை மறுக்கவில்லை. அதற்காகத் தெரு முழுவதும் தடை எதற்கு? 2020இல் கொரோனா நோய் பரவியபோது, அதே பிரான்சு தேசம் முகக்கவசம் அணியாதவருக்கு 135 யூரோ அபராதம் விதித்தது. முகத்திரைச் சட்டமும் அப்போது அப்படியே இருந்தது.

இரண்டு, பெண்ணின் விடுதலை. வற்புறுத்துபவனைத் தண்டிப்பதை நாமும் ஒப்புவோம். ஆனால் வற்புறுத்தப்பட்ட பெண்ணிடமே அபராதம் வாங்குவது எந்த விடுதலை? தானே விரும்பி அணிந்தவளுக்கோ, பறிபோவது அவளுடைய விருப்பம்.

மூன்று, சேர்ந்து வாழ்தல். முகம் தெரியாதவருடன் எப்படிப் பழகுவது என்கிறார்கள். 2014 ஜூலை 1இல் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு, பாதுகாப்பும் பெண் சமத்துவமும் இவ்வளவு பெரிய தடைக்குப் போதிய காரணமல்ல என்று தள்ளிவிட்டு, இந்த மூன்றாவதை மட்டும் ஏற்றுச் சட்டத்தை நிலைநிறுத்தியது. 17 நீதிபதிகளில் இருவர் இணங்கவில்லை. 2018இல் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைக் குழுவோ, இச்சட்டத்தால் இரண்டு பெண்களின் உரிமையைப் பிரான்சு மீறியது என்று முடிவு சொல்லியது. பெரிய சபைகளே ஒருமிக்கவில்லை என்று பாருங்கள். பழகுவதற்கு முகம் உதவும் என்பது மெய்தான். ஆயினும் பழக விரும்பாதவரைப் பிடித்து அபராதம் போட்டால் சிநேகம் வளருமா?

அலுவலக விதியையும் தெருத் தடையையும் ஒன்றென எண்ணவேண்டாம். மலேசியாவில் 1985ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, அரசாங்க ஊழியர் வேலையின்போது முகத்தை மூடும் உடை அணிவதைத் தடுத்தது. வேலை இழந்த பெண்ணொருவர் தொடுத்த வழக்கில், 1994இல் கோர்ட்டு அந்தத் தடை செல்லும் என்றது. அது சரியா என்று தர்க்கிக்கலாம். எனினும் அது வேலைக்குரிய விதி. வீட்டுக்குப் போகும் வழியிலே அவரை யாரும் தடுக்கவில்லை.

நாம் கொள்ளவேண்டிய படிப்பினை

பிரான்சின் கட்டாயத்தைக் கண்டிக்கிற நாம், ஆப்கானிஸ்தானத்தைப் பற்றி வாய் திறக்காதிருப்பது நீதியாகுமா? அங்கே 2022 மே மாதக் கட்டளையும் 2024 ஆகஸ்டுச் சட்டமும், பெண்கள் முகத்தை மூடியே தீரவேண்டும் என்கின்றன. இமாம்கள் இரு சொல் சொன்ன விஷயத்தில், ஒரு சொல்லைப் போலீசின் தடியால் நிலைநாட்டுகிறார்கள். கழற்று என்று அதட்டுவதும் மூடு என்று அதட்டுவதும் அப்பெண்ணின் நிய்யத்தைக் கேட்பதில்லை. அமல்களுக்கோ நிய்யத்தே அடிப்படை.

ஆகவே சகோதரர்களே, சகோதரிகளே! முகத்திரை அணியும் பெண்ணை நம் ஜமாஅத்தில் எவரும் பரிகசிக்கவேண்டாம். முக்காட்டோடு முகம் திறந்து வரும் பெண்ணை ஈமான் குறைந்தவள் என்று எவரும் ஏசவேண்டாம். இருவருக்கும் ஆதாரம் இருக்கிறது. மகளோ மருமகளோ கேட்டால், இரு சொல்லையும் எடுத்துச் சொல்லி, தெரிந்த ஆலிமிடம் விளக்கம் பெறச் செய்யுங்கள்; முடிவை அவளிடம் விடுங்கள். இதை நம் வீட்டிலே நடத்திக் காட்டினால்தான், அயல் தேசத்துச் சட்டத்தைக் குறை சொல்ல நமக்கு வாய் உண்டு.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல விளக்கத்தைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.