பிரேக் பிடித்தால் வண்டி ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது?

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் மீது செலுத்தும் அழுத்தம் எத்திசையிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. பிரேக் இவ்விதிப்படியே இயங்குகிறது. அப்படியிருக்க, பழைய பிக்கப் வண்டி பிரேக்கை மிதித்ததும் வலப்பக்கம் இழுப்பானேன்? எதிரே லாரி வந்தால் என்னாவது?

அழுத்தம் சமமானால் போதுமா? உராய்வும் சமமாக வேண்டுமே! இழுக்கும் பக்கத்துச் சக்கரமே பழுது என்று பலர் எண்ணுவர். பெரும்பாலும் குற்றவாளி மறுபக்கமே. வலப்பக்கம் இழுத்தால் இடச் சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். அங்கே வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் நனைந்திருக்கலாம். பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கலாம். ரப்பர் குழாய்தான் பெரிய கள்ளன்! வெளியே பார்க்க நன்றாயிருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும்.

முதலில் இரு முன் டயர்களிலும் காற்று சமமா என்று பார்க்க வேண்டும். பிறகு முன்புறத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிகளில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. ஒருவர் பெடலை மெல்ல மிதிக்க, மற்றவர் சக்கரங்களைச் சுழற்றினால் பிடிக்காத சக்கரம் தெரிந்துவிடும். காலை எடுத்த பின்னும் ஒரு சக்கரம் இறுகியே நின்றால், அதன் குழாயையோ பிஸ்டனையோ சந்தேகிக்கலாம்.

நனைந்த லைனிங்கைத் துடைத்துப் பயனில்லை. கசிவை நிறுத்திய பின், இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிதானால் வண்டி மீண்டும் இழுக்கும்.