பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் போங்கள்

வயது முப்பத்தொன்று. முழங்கால் இரண்டு தரம் போய்விட்டது. லீக்கில் இன்னும் ஒரு சீசன் இழுக்கலாம், அதற்கு மேல் இல்லை. "இனி கோச்சிங் செய்தால் என்ன அண்ணா?" குண்டசாலைப் பக்கம் பின்னேரத்தில் எந்த மைதான ஓரத்தில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஒரு பெரிய கழகம் கூப்பிடட்டும் என்று வீட்டில் இருந்தால் நடக்காது. பக்கத்துப் பாடசாலையில் பதினான்கு வயதுக்குட்பட்ட அணிக்கு ஆள் தேவையா என்று போய்க் கேளுங்கள்.

மரியாதைக் குறைவாகப் படுகிறதா? ஸ்பெயினின் ஷாபி அலொன்சோவைப் பாருங்கள். 2005இல் லிவர்பூலுக்காக சாம்பியன்ஸ் லீக் வென்றவர். 2010இல் உலகக் கிண்ணம், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு ஐரோப்பியக் கிண்ணங்கள், நாட்டுக்காக 114 ஆட்டங்கள். 2017இல் பயர்ன் மியூனிக்கில் பூட்ஸைக் கழற்றியவர் முதலில் பயிற்றுவிப்பாளர் வகுப்பில் போய் உட்கார்ந்தார். 2018இல் ரியல் மெட்ரிட்டின் பதினான்கு வயதுக்குட்பட்ட பையன்களை எடுத்தார். உலகக் கிண்ணம் தூக்கிய கை, சின்னப் பையன்களுக்குக் கோன் அடுக்கியது.

அடுத்த ஆண்டு சொந்த மண்ணின் கழகமான ரியல் சொசியதாத்துக்குப் போனார், அதுவும் இரண்டாம் அணிக்கு. அங்கே மூன்று சீசன். 2021இல் அந்தப் பையன்களை நாட்டின் இரண்டாம் பிரிவுக்கு ஏற்றினார். அந்த அணி அந்தப் பிரிவைப் பார்த்து ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. 2022இல் அணி திரும்பவும் கீழே இறங்கியது. இந்த இறக்கத்தைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அவருடைய கதையில் பிடித்த இடமே அதுதான். ஏனென்றால் அதே ஆண்டு ஒக்டோபரில் ஜேர்மனியின் லெவர்குசன் அவரை அழைத்தது. அப்போது பதினெட்டு அணிகளில் பதினேழாம் இடத்தில் கிடந்த கழகம் அது. 2023-24 சீசனில் 34 லீக் ஆட்டங்களில் 28 வெற்றி, 6 சமநிலை, ஒரு தோல்வியும் இல்லை. அந்தக் கழகம் ஜேர்மன் லீக்கை வென்றது அதுவே முதல் தரம். பிறகு ரியல் மெட்ரிட்டுக்குப் போனது வேறு கதை.

குறுக்குவழியில் போனவரும் இருக்கிறார். இங்கிலாந்தின் கரி நெவில் ஆட்டக்காரராகக் குறைந்தவர் இல்லை; தொலைக்காட்சியில் ஆட்டத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துச் சொல்பவர். 2015 டிசம்பரில் நேரே ஸ்பெயினின் வலென்சியாவுக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளராகப் போனார். பார்சிலோனாவிடம் 7-0 என்று தோற்று, மார்ச் முடியுமுன் வேலையும் போனது. தெரிந்ததைப் பேசுவதும் இருபது பேரைச் செய்ய வைப்பதும் ஒரே வேலை இல்லை.

அந்த இரண்டாவது வேலையைச் சின்னப் பிள்ளைகளிடம்தான் படிக்க முடியும். சனிக்கிழமை காலையில் ஏதாவது ஒரு பாடசாலை மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். இருபது பிள்ளைகள், ஒரே பந்து, தண்ணீர் நிரப்பிய போத்தல்கள் வரிசையாக. ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டு போத்தல்களைச் சுற்றிப் போய் கோலுக்கு அடித்துவிட்டு வருகிறான், மற்றப் பத்தொன்பது பேரும் கியூவில். கோச் சத்தம் போட்டுக் களைத்துப்போகிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மணித்தியாலத்தில் ஒரு பிள்ளையின் காலில் பந்து இருப்பது மூன்று நிமிடம். மிச்சம் ஐம்பத்தேழு நிமிடமும் முன்னால் நிற்பவனின் காதைக் கிள்ளும் பயிற்சி.

ஸ்பெயின்காரர் இதற்கு வைத்திருக்கும் மருந்து ரொண்டோ. ஐந்து பேர் வட்டமாக நின்று பந்தைக் கைமாற்ற வேண்டும், நடுவில் இரண்டு பேர் பறிக்க வேண்டும். பறிகொடுத்தவன் நடுவுக்கு வரவேண்டும். அவ்வளவுதான். இருபது பிள்ளைகளுக்கு மூன்று பந்து, மூன்று வட்டம்; ஒரு வட்டத்தில் மட்டும் ஒருவன் குறைவு. ஒருவனும் சும்மா நிற்பதில்லை. பந்து வருமுன் தலையைத் திருப்பி யார் எங்கே நிற்கிறான் என்று பார்க்கும் பழக்கம் தானாக வரும். நீங்கள் கத்தவும் தேவையில்லை. ஒரு வட்டத்தின் பக்கத்தில் நின்று ஒரு பையனின் உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பார்ப்பதுதான் இந்தத் தொழில். உதைபந்தை விட்டு ஊர்க் கதைக்கு வருவோம். குண்டசாலை தந்த முத்தையா முரளிதரன் பாடசாலையில் மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்தவர். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்றுவிப்பாளர்தான் பதினான்கு வயதில் அவரைச் சுழலுக்குத் திருப்பினார். 2010இல் அந்தப் பையன் 800 விக்கெட்டுகளோடு டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். 2015இல் ஹைதராபாத் சன்ரைசர்ஸ் அணிக்குப் பந்துவீச்சுப் பயிற்றுவிப்பாளராகப் போனார். பாடசாலைக் கோச் ஒருவரின் கண்ணுக்கு இதைவிடப் பெரிய சாட்சி எங்கள் பக்கத்தில் கிடையாது.

இனி கடதாசி. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் சான்றிதழ்கள் சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாகப் போகின்றன. இங்கே வகுப்புகளை நடத்துவது கொழும்பில் உள்ள இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனம்; திகதிகளை உங்கள் லீக் மூலமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு படிக்கும் அடுத்ததுக்கும் இடையில் நீங்கள் ஓர் அணியை நிஜமாகவே பயிற்றுவித்திருக்க வேண்டும். அலொன்சோவுக்கு இதில் சலுகை இருந்தது: ராவுல், சாவி போன்ற முன்னாள் நட்சத்திரங்களோடு சேர்த்துச் சுருக்கு வகுப்பு. நமக்கு அது கிடையாது. அதனால் ஆடிக்கொண்டிருக்கும்போதே தொடங்குங்கள். மிக்கேல் ஆர்ட்டெட்டா ஆர்சனலுக்கு ஆடும்போதே சான்றிதழ் வகுப்புக்குப் போனவர். 2016இல் ஆட்டத்தை நிறுத்தி, பயிற்றுவிப்பாளர் குவார்டியோலாவுக்கு மூன்றரை ஆண்டு உதவியாளராக இருந்த பிறகே ஆர்சனலுக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளரானார். உயர்தரம் முடித்தவர்களுக்கு வேறு கதவுகளும் உண்டு: கல்வியியற் கல்லூரியின் உடற்கல்வி நெறி, சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் விளையாட்டு விஞ்ஞானப் பட்டம். மாதச் சம்பளம் வேண்டுமென்றால் இந்த வழிதான் உறுதி.

ஏனென்றால் ஆரம்பத்தில் கோச்சிங் சோறு போடாது. பாடசாலை வேலை பெரும்பாலும் ஒப்பந்தம். பழைய மாணவர் சங்கம் கொடுத்தால் உண்டு, சீசன் முடிந்தால் அதுவும் நின்றுவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று மாதம் கைக்காசில் பஸ் ஏறிப் போய்ப் பழக்கினார். கடைசியில் வாய்விட்டுக் கேட்டபோது, "நீங்கள் ஆர்வத்தில் வருகிறீர்கள் என்றல்லவா நினைத்தோம்" என்றார்களாம். கிழமைக்கு எத்தனை நாள், எவ்வளவு, பயணச் செலவு யாருடையது, விடுமுறை மாதத்தில் என்ன என்பதையெல்லாம் முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். பல்லேகலை தொழிற்பேட்டையில் வேலை இருந்தால் அவசரப்பட்டு விடாதீர்கள். ஷிப்டை மாற்றப் பாருங்கள்.

மொழியையும் கவனியுங்கள். திகன, மெனிக்கின்னப் பக்கத்து அணி ஒன்றில் தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் கலந்துதான் நிற்பார்கள். அலொன்சோ ஆடப்போன நாடுகளிலெல்லாம் அந்த மொழியைப் பிடித்துக்கொண்டார். ஜேர்மனியில் பயிற்றுவிப்பாளரானபோது அது கைகொடுத்தது. உங்களுக்குச் சிங்களம் மைதானத்துக்குப் போதும், பெற்றோர் கூட்டத்துக்குப் போதாது என்றால் இப்போதே சரிப்படுத்துங்கள். முதலுதவி வகுப்பும் ஒன்று முடித்துவையுங்கள். தலையோடு தலை மோதிய பிள்ளையைத் தண்ணீர் தெளித்துத் திரும்ப இறக்கும் கோச் இன்னமும் இருக்கிறார்.

வேலை கேட்டுப் போகும்போது கிண்ணத்தோடு நிற்கும் பழைய படத்தை நீட்டாதீர்கள். ஒரு கொப்பி கொண்டுபோங்கள்: எந்த நாள் என்ன பயிற்சி, எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், யாருக்கு எது சரிவரவில்லை. அதிபர் புரட்டிப் பார்த்துவிட்டு, "மழை வந்தால் பிள்ளைகளை என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார். எங்கள் பக்கத்து மழைக்கு அது நியாயமான கேள்வி. மண்டபத்துக் கதிரைகளை ஓரமாக்கிவிட்டு ரொண்டோ, ஒரு வட்டத்துக்கு ஒரு டெனிஸ் பந்து என்று சொல்லுங்கள்.