பின்கொசுவமும் கில்ட்டும்

மாணவ நண்பர்களே, இரண்டு பெண்களை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒருவர் என் அப்பத்தா. பெருந்துறைக்கு அருகே ஒரு தோட்டத்துச் சாளையில் வாழ்ந்தவர். கட்டம் போட்ட பதினாறு முழச் சேலையை, கொசுவம் முதுகுப் பக்கம் வருமாறு கட்டுவார். கொங்கு நாட்டில் இதைப் பின்கொசுவம் என்பார்கள். உங்கள் ஊரிலும் வயதான பாட்டிமார் ஓரிருவர் இப்படிக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்.

மற்றவர் பதினாறு, பதினேழு வயதுப் பெண். இவரை நான் ஒரு பழைய ஒளிப்படத்தில்தான் கண்டேன். இங்கிலாந்தில் 1930-ஆம் ஆண்டில் டாகன்ஹாம் என்னும் ஊரில் சிறுமியரைக் கொண்டே ஒரு பைப் இசைக்குழு தொடங்கப்பெற்றது. கையில் ஸ்காட்லாந்தின் பைப் வாத்தியம். இடுப்பில் முழங்கால் வரை தொங்கும் கட்டம் போட்ட கம்பளி உடை. இந்த உடையின் பெயர் கில்ட். அதன் கட்டத்துணிக்கு டார்ட்டன் என்று பெயர்.

நான் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் அப்பத்தா ஒருநாள் முறுக்கு டப்பாவுடன் என்னைப் பார்க்க வந்தார். “ஏண்டா, பாட்டி சேலையைத் திருப்பிக் கட்டியிருக்காங்க?” என்று நண்பன் ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது அப்பத்தாவின் காதில் விழுந்ததா என்று நான் கேட்கவே இல்லை. அதன்பின் அவர் விடுதிக்கு வந்ததும் இல்லை. பல ஆண்டுகள் கழித்து அந்த ஒளிப்படத்தைப் பார்த்தபோது முதலில் என் கண்ணில் பட்டது, வரிசையாக நடந்து செல்லும் அச்சிறுமியரின் முதுகுப் பக்கம். மடிப்புகள் எல்லாம் பின்னால்தான் இருந்தன. முன்பக்கம் மடிப்பே இல்லாத தட்டையான துணி. அவர்களும் ‘திருப்பித்தான்’ கட்டியிருந்தார்கள்!

உலகின் இரு மூலைகளில் வாழ்ந்தவர்கள் ஏன் மடிப்பைப் பின்னால் தள்ளினார்கள்? இதற்கு விடை நீங்கள் படிக்கும் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. அதற்குமுன் கொஞ்சம் வரலாறு.

கில்ட் நெடுங்காலம் ஆண்களின் உடையாகவே இருந்தது. ஸ்காட்லாந்தின் மலைநாட்டுப் பெண்கள் அணிந்தது அரிசெய்ட் என்னும் நீண்ட போர்வைத் துணி. மார்ட்டின் மார்ட்டின் என்பவர் (பெயரே இரட்டைதான்!) 1703-இல் வெளியிட்ட நூலில் இதை விவரித்திருக்கிறார். கழுத்திலிருந்து குதிகால் வரை நீளும் வெள்ளைத் துணி; அதில் கறுப்பு, நீலம், சிவப்புக் கோடுகள். சுற்றிலும் கொசுவி, ஓர் இடைவாரால் இறுக்கி, மார்பருகே வெள்ளி அல்லது பித்தளை வில்லையால் பிணைத்துக்கொள்வார்களாம். தையலே இல்லாத உடை! நம் சேலைக்கு இது ஒன்றுவிட்ட தங்கை முறை என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா?

1746-இல் பிரிட்டிஷ் அரசு மலைநாட்டு உடையைத் தடை செய்து சட்டம் இயற்றியது. 1782-இல்தான் அது நீக்கப்பட்டது. அச்சட்டம் ஆண்களையும் சிறுவர்களையுமே குறிப்பிட்டது. பெண்களைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் சட்டம் தடுக்காததை வழக்கம் தடுத்தது. இருபதாம் நூற்றாண்டில் பெண்கள் கில்ட் அணிந்து ஆடத் தொடங்கியபோதுகூட எதிர்ப்பு எழுந்தது. 1950-களில் அபாய்ன் என்னும் ஊரின் விளையாட்டு விழாக் குழுவினர், நடனமாடும் பெண்கள் கில்ட் அணியக்கூடாது என்று கூறி அவர்களுக்கு வேறோர் உடையை வகுத்தார்கள். இன்று நடனத்திலும் இசைக்குழுவிலும் பெண்கள் கில்ட் அணிவது மிகச் சாதாரணம். நம் நாட்டில் 2025-ஆம் ஆண்டுக் குடியரசு நாளையொட்டி நடந்த தேசியப் பள்ளி இசைக்குழுப் போட்டியில் மாணவியர் பைப் குழுக்களுக்கென்றே தனிப் பிரிவு இருந்தது.

இனிக் கணக்குக்கு வருவோம்.

துணி எங்கே ஒளிகிறது?

முழு அளவிலான கில்ட்டுக்கு 8 கெஜம் துணி வேண்டும். ஒரு கெஜம் இரண்டு முழம். ஆகவே அதுவும் பதினாறு முழந்தான்! மீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 7.3 மீட்டர், அதாவது 730 செ.மீ. இவ்வளவு துணி ஒரு மீட்டர் சுற்றளவுள்ள இடுப்பில் எப்படி அடங்குகிறது?

முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரு தட்டையான பகுதிகளுக்குத் தலா 55 செ.மீ. ஒதுக்குங்கள். மீதி 620 செ.மீ. இதை 31 மடிப்புகளாக மடித்தால் ஒரு மடிப்புக்கு 20 செ.மீ. துணி. ஒவ்வொரு மடிப்பிலும் வெளியே தெரிவது 1.5 செ.மீ. மட்டும் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய 18.5 செ.மீ. உள்ளே போய்த் திரும்பி வருகிறது; எனவே மடிப்பின் ஆழம் அதில் பாதி, 9.25 செ.மீ. பின்பக்கம் தெரியும் அகலம் 31 × 1.5 = 46.5 செ.மீ. 620-ஐ 46.5-ஆல் வகுத்தால் 13-க்குச் சற்று மேல். முன்னால் இரண்டே அடுக்குத் துணி. பின்னால் சராசரி 13 அடுக்கு!

இந்த ஏற்றத்தாழ்வில்தான் சங்கதி இருக்கிறது. கடப்பாரையோ களைக்கொத்தோ பிடித்துக் குனிந்து வேலை செய்பவருக்கு முன்பக்கம் கொசுவம் இருந்தால் அது காலில் மிதிபடும். பின்னால் இருந்தால் குனியும்போது மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும். நிமிர்ந்ததும் பழைய நிலைக்கு மூடிக்கொள்ளும். எட்டி நடை போட்டாலும் இப்படியே. அடுக்குகளுக்கு இடையே சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால், குளிர் நாட்டில் அது கூடுதல் லாபம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதை லாபம் என்று சொல்லமாட்டேன்.

ஆடிக் காற்று

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்றை அறிந்தவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது. காற்றின் வேகம் வினாடிக்கு 10 மீட்டர் (மணிக்கு 36 கி.மீ.) எனக் கொள்வோம். காற்று நேராக மோதும்போது உண்டாகும் அழுத்தம், அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் கிடைக்கும். ½ × 1.2 × 100 = 60. அதாவது சதுர மீட்டருக்கு 60 நியூட்டன்.

கில்ட்டுக்கான கனத்த கம்பளித் துணி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 350 கிராம் நிறையுள்ளது. அதன் எடை 3.4 நியூட்டன். ஓர் அடுக்கு இருந்தால் காற்று அதை ஊதித் தள்ளிவிடும். பதின்மூன்று அடுக்கின் எடையோ சுமார் 45 நியூட்டன். காற்றோடு மல்லுக்கு நிற்கக்கூடிய ஆள்! எனவே பின்பக்கத்துக்குக் காவல் தேவையில்லை. பறக்கக்கூடியது முன்பக்கத்தின் மேல்துணிதான். கில்ட் அணிபவர்கள் அதன் கீழ் மூலையில் ஓர் உலோக ஊசியைக் குத்திக்கொள்வது இதனால் பொருளுள்ளதாகிறது. வாள் வடிவிலும் பிறவடிவிலும் செய்த அழகிய ஊசி. மேல்துணியில் மட்டுமே குத்துவார்கள். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி கிழியும்.

ஏன் கீழ் மூலையில்? திருப்புத்திறனை நினைவுகூருங்கள். துணி இடுப்பைச் சுழல்மையமாகக் கொண்டு தூக்கப்படுகிறது. துணியின் எடை அதன் நீளத்தின் நடுவில் செயற்படுகிறது. ஊசியின் எடையோ நுனியில். நெம்புகரம் இரு மடங்கு. ஆகவே 30 கிராம் ஊசி, 60 கிராம் கூடுதல் துணியின் வேலையைச் செய்துவிடுகிறது. அணிகலன் என்று நாம் நினைப்பது பாதி அளவில் ஓர் எடைக்கல்.

தட்டாமாலை

பாவாடை உடுத்திய சிறுமிகள் தட்டாமாலை சுற்றும்போது பாவாடை குடைபோல் விரியும். ஸ்காட்லாந்து நடனத்தில் கில்ட் விரிவதும் அதே காரணத்தால்தான். ஒரு வினாடிக்கு ஒரு சுற்று என்றால் கோண வேகம் வினாடிக்கு 6.28 ரேடியன். அச்சிலிருந்து 25 செ.மீ. தொலைவிலுள்ள துணித்துண்டுக்கு மையவிலக்கு முடுக்கம் 6.28 × 6.28 × 0.25 = 9.9. புவியீர்ப்பு முடுக்கம் 9.8. இரண்டும் ஏறத்தாழச் சமம். எனவே துணி 45 பாகை சாய்ந்து நிற்கும்.

இக்கணக்கில் துணியின் நிறை வரவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? மெல்லிய பருத்தியும் கனத்த கம்பளியும் சுழற்சியில் ஒரே கோணத்தில் சாயவேண்டும் (காற்றின் தடையை விட்டுவிட்டால்). ஆடிக் காற்றில் எடை காப்பாற்றியது. தட்டாமாலையில் அது உதவாது. காற்றின் விசை துணியின் நிறையைச் சார்ந்ததன்று; மையவிலக்கு விசையோ புவியீர்ப்பைப் போலவே நிறைக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. தேர்வில் இக்கேள்வி வந்தால் பலர் தடுமாறுவார்கள் என்பது என் அனுபவம்.

விரிவதற்கு இன்னொன்றும் வேண்டும்: துணி. இடுப்பிலிருந்து 40 செ.மீ. நீளமுள்ள துணி 45 பாகை சாய்ந்தால் அதன் விளிம்பு 28 செ.மீ. வெளியே போகிறது. ஆரம் 16 செ.மீ.யிலிருந்து 44 ஆகிறது. சுற்றளவு ஒரு மீட்டரிலிருந்து இரண்டே முக்கால் மீட்டருக்கு உயர்கிறது. அந்தக் கூடுதல் துணியை மடிப்புகள்தாம் அவிழ்த்துத் தருகின்றன. இரண்டு மீட்டர் வேட்டியை மூட்டிக் கட்டிக்கொண்டு எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அது குடையாகாது.

கட்டங்களின் கதை

பெருந்துறைக்கு அருகிலுள்ள சென்னிமலையின் கைத்தறிப் போர்வைகளை அறியாதவர் யார்? பாவிலும் ஊடையிலும் வண்ண நூல்களை வரிசை மாற்றிக் கொடுத்துத்தான் கட்டம் பிறக்கிறது. டார்ட்டனும் அப்படியே. சிவப்பு, பச்சை, மஞ்சள் என மூன்று நிற நூல்களைப் பாவிலும் ஊடையிலும் ஓட்டினால் துணியில் எத்தனை நிறம் தெரியும்? தனி நிறங்கள் 3, இரண்டிரண்டாகக் குறுக்கிடும் இடங்களில் கலவைகள் 3, ஆக 6. ஆறு நிறம் ஓட்டினால் 6 × 7 ÷ 2 = 21. சாயப் பட்டறையில் ஆறே தொட்டி; துணியில் இருபத்தோரு நிறம்.

இக்கலவை நூலில் நிகழ்வதன்று. உங்கள் கண்ணில் நிகழ்கிறது. கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறு கோணம் ஏறத்தாழ அறுபதில் ஒரு பாகை. ஒரு மீட்டர் தொலைவில் அது 0.3 மி.மீ. நூல்களின் இடைவெளி அரை மி.மீ. என்றால் இரண்டு மீட்டருக்கு அப்பால் நூல்கள் தனித்தனியே தெரியா. சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சாகிவிடும்.

நிறக் கலவையை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் எடின்பரோவில் 1831-இல் பிறந்த ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1861-இல் இலண்டனில் அவர் உலகின் முதல் வண்ண ஒளிப்படத்தைத் திரையில் காட்டினார். படம் பிடிக்கப்பட்ட பொருள் எது தெரியுமா? ஒரு டார்ட்டன் ரிப்பன்! சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே தாமஸ் சட்டன் மூன்று படங்கள் எடுத்தார். அவற்றை அதே நிற வடிகட்டிகள் வழியே ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தினார் மாக்ஸ்வெல். ஒரு வேடிக்கை: அக்காலத்து ஒளிப்படத் தட்டுகளுக்குச் சிவப்பொளியை உணரும் திறனே கிடையாது. பின் சிவப்பு எப்படி வந்தது? நூறாண்டு கழித்து, 1961-இல் ரால்ஃப் எவன்ஸ் என்பவர் விடை கண்டார். ரிப்பனின் சிவப்புச் சாயம் புற ஊதாக் கதிரையும் எதிரொளித்தது. சிவப்பு வடிகட்டி அதை உள்ளே விட்டது. தட்டு அதைப் பதிந்தது. சரியான விடை, தவறான வழி!

நிறைவாக, நீங்களே செய்துபார்க்க ஒரு சோதனை. வீட்டிலுள்ள கட்டத் துண்டு ஒன்றை எடுங்கள். கட்டங்களின் வரிசை முழுதாக ஒருமுறை முடிய எத்தனை செ.மீ. என்று அளந்து, அதைச் சுற்று என்று கொள்ளுங்கள். மடிப்பின் ஆழம் சுற்றில் சரிபாதியாக இருக்குமாறு கொசுவுங்கள். உள்ளே போவது சரியாக ஒரு முழுச் சுற்று ஆகையால், வெளியே தெரியும் பட்டைகள் சேர்ந்து மடிக்காத துணிபோலவே கட்டம் முறியாமல் ஓடும். நல்ல கில்ட் தையற்காரர் இப்படித்தான் மடிக்கிறார். அப்பத்தா அளவுகோல் இல்லாமல், கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே துணியை ஓட்டி இதைச் செய்வார்.

அடுத்து, தெரியும் பகுதியும் ஒளியும் பகுதியும் சேர்ந்து ஒரு சுற்று ஆகுமாறு மடியுங்கள். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோடுதான் தெரியும். ஸ்ட்ரோபாஸ்கோப் ஒளியில் மின்விசிறி நின்றுவிட்டதுபோல் தோன்றுவதற்கும் இதற்கும் கணக்கு ஒன்றே. இப்போது அதைவிடச் சிறிது, ஒரு நூலளவு குறைத்து மடியுங்கள். கட்டம் எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்தபின், திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் ஏன் பின்னோக்கிச் சுழல்கிறது என்பதை உங்கள் ஆசிரியரிடம் நீங்களே விளக்கிச் சொல்லுங்கள்.